நன்றி வீடியோ அனுப்பமாட்டோம்: வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உங்கள் செயலாளர் வட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தை எங்கள் கல்விக்குழு கூடியிருந்து வாசித்தது. அடுத்த தவணையிலிருந்து உங்கள் உதவி பெறும் ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒரு வீடியோ அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. பிள்ளை தன் பெயரையும் பாடசாலையையும் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லையென்றால் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். வீட்டின் முன்பக்கமும் குசினியும் தெரிய வேண்டும். முடிவில் அந்த மாதம் காசு தந்தவரின் பெயரைச் சொல்லி நன்றி கூற வேண்டும். வீடியோ வராத பிள்ளைக்கு உதவி அந்த மாதத்தோடு நிற்கும். அதே கடிதத்தின் கடைசிப் பந்தியில், மாலை வகுப்பு ஆசிரியர்களுக்குத் தந்துவந்த கொடுப்பனவு இந்தத் தவணையோடு முடிகிறது, அந்தப் பணம் ஊர் முகப்பில் கட்டப்போகும் வரவேற்பு வளைவுக்குப் போகிறது என்றும் இருக்கிறது.

இந்த இரண்டு முடிவையும் எங்களால் ஏற்க முடியாது. தொலைபேசியில் சொன்னோம். "அங்கத்தவர்கள் கேட்கிறார்கள், காட்டுறதுக்கு ஒன்றும் இல்லாமல் காசு சேர்க்கேலாது" என்பதுதான் பதிலாக வந்தது. மறுபடி கேட்டபோது, "அப்ப இந்தத் தவணையோட எல்லாத்தையும் நிற்பாட்டுறம்" என்றார்கள். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன். ஊர் பேரைச் சொல்லி, மண்டபம் எடுத்து, சாப்பாடு வைத்துச் சேர்த்த காசு இது. அதைப் பற்றிய பேச்சும் வெளியில் நடப்பதில் தவறில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரை நான் இங்கே போடவில்லை. போட்டால் நான் சொல்லப்போகும் பிள்ளைகளை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் காசு இங்கே என்ன செய்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். போருக்குப் பின் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்தில் பிள்ளைகளுக்கு முதல் கொப்பியும் சப்பாத்தும் உங்களிடமிருந்துதான் வந்தன. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் எல்லாம் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, அரசாங்க நிவாரணம் வந்து சேருமுன் உங்கள் அரிசி வந்தது. 2022இல் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, கடலுக்குப் போகமுடியாமல் இருந்த குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் சாமான் கொடுத்தீர்கள். இரவு வேலை செய்து, குளிரில் பஸ் ஏறி, சொந்தப் பிள்ளையின் தேவையைக் குறைத்து அனுப்பியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அதையெல்லாம் மறந்து எழுதவில்லை. அந்த நேரங்களில் நீங்கள் எங்களிடம் வீடியோ கேட்கவில்லை. "எத்தனை குடும்பம், என்ன வேணும்" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எப்போது மாறியது என்று எனக்குப் புரியவில்லை.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு உங்கள் உறுப்பினர் ஒருவர் வந்தார். விடுமுறைக்கு வந்தவர். நல்ல மனதோடுதான் வந்தார், கையில் புத்தகப்பையும் உலருணவுப் பொதியும் இருந்தன. நானும் கூடப் போனேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. சுவர் பூசி முடியவில்லை, ஆனாலும் தாய் அதைக் கூட்டித் துடைத்து, வாசலில் செவ்வரத்தை வைத்து, வீடு மாதிரி வைத்திருக்கிறார். வந்தவர் அந்த வாசலில் எடுக்கவில்லை. பின்னுக்கு ஆட்டுக்கு அடித்திருந்த தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் தாயையும் பிள்ளையையும் நிற்கச் சொன்னார். "அப்பா எங்க எண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்றார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தாய்தான் சொன்னார், 2009இல் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலம் தாண்டி வந்தபோது பிரிந்தவர், அதற்குப் பிறகு தகவல் இல்லை என்று. பிள்ளை நன்றி சொல்லும்போது காசு தந்தவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டாள். திரும்ப எடுத்தார்கள். இரண்டாம் முறையும் தாய் அதே கதையை முதலிலிருந்து சொன்னார். அந்த முறை அழுதுவிட்டார். "இது நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக் கைபேசியை வைத்தார்கள்.

அந்த வீடியோ பேஸ்புக்கில் வந்தது. பாடசாலைப் பொடியள் இடைவேளையில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவன் தாய் அழுகிற மாதிரிச் செய்துகாட்டியிருக்கிறான். கனடாவில் இருக்கும் பெரியம்மா எடுத்து, "குடும்ப மானத்தைச் சந்தியில வைச்சிட்டியள்" என்று தாயைப் பேசினார். அவர்தான் மாதாமாதம் கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருந்தவர், அதன்பின் நிறுத்திக்கொண்டார். தெரியாத இலக்கங்களிலிருந்து தாய்க்கு அழைப்பு வரத் தொடங்கியது. "உதவி செய்யிறன், பிள்ளையோட கதைக்கவேணும்" என்று இரவு ஒன்பது மணிக்கு, பத்து மணிக்கு. ஆண் துணை இல்லாத வீடு என்பதையும், எந்த ஊர் என்பதையும், வயதுவந்த பெண்பிள்ளை இருக்கிறாள் என்பதையும் அந்த வீடியோவே சொல்லிக்கொடுத்திருந்தது. இலக்கத்தை மாற்றினார்கள். பிள்ளை மாலை வகுப்பில் முன்வாங்கிலிருந்து பின்வாங்குக்குப் போனாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "ரீச்சர், அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம், அம்மாவிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டோம். அதில் நிறையப்பேர் நல்ல கருத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று மறுமொழி வந்தது. இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது.

இப்போது இதையே மாதம் ஒரு தடவை, எல்லாப் பிள்ளையிடமும் கேட்கிறீர்கள்.

வன்னிச் சனம் படத்துக்கு முன்னால் நிற்கப் பயந்த சனமல்ல. கிளிநொச்சியில் ஏ9 வீதிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017 மாசி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில், பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் இருந்த அம்மாமாரை உலகமே படம் எடுத்தது. எடுக்கட்டும் என்று அவர்களே இருந்தார்கள். எதைச் சொல்வது, யாருக்குச் சொல்வது, எப்போது அழுவது என்பதை அவர்களே முடிவெடுத்தார்கள். கேட்டது நீதி. எங்கள் பிள்ளையிடம் நீங்கள் கேட்பது வேறு. காணாமல் போன தகப்பனின் கதையைப் பத்துக் கொப்பிக்கும் ஒரு புத்தகப்பைக்கும் விலையாகக் கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளை இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு வரும் பால்மாக் காசு நிற்கும். அப்படி ஒரு நிலையில் பிள்ளை தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் இருக்கும் நாடுகளில் உங்கள் பிள்ளையின் படத்தைப் பாடசாலை இணையத்தில் போடுவதென்றால் முதலில் உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். விளையாட்டுப் போட்டியில் எடுத்த ஒரு கூட்டுப் படத்துக்கே கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள், அதற்காகப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டை நிறுத்த மாட்டார்கள். இலங்கையிலும் சட்டமில்லாமல் இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்து முறையிடலாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றும் 2022இல் நிறைவேற்றப்பட்டது. உங்களைச் சட்டத்தில் மாட்ட எங்களுக்கு விருப்பமில்லை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் பார்க்கும் பாதுகாப்பை எங்கள் பிள்ளைக்கும் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நீங்கள் ஆதாரம் கேட்பது நியாயம். அதை முழுமனதோடு சொல்கிறேன். வன்னியின் பெயரைச் சொல்லிக் காசு சேர்த்து வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். இல்லாத பிள்ளைகளுக்குக் காசு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரே பயனாளியை மூன்று அமைப்புக்குக் காட்டியவர்களும் உண்டு. அதனால் ஏமாந்தவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டுமில்லை, இங்கே உண்மையாகத் தேவையோடு இருக்கிற குடும்பமும்தான். ஆனால் பிள்ளையின் முகம் இதில் எதையும் தடுக்காது. பொய்க்காரனும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வீடியோ எடுக்கத்தான் போகிறான், அவன் எடுக்கிற வீடியோ எங்களுடையதைவிட நன்றாகவும் இருக்கும்.

பிரித்தானியாவில் பதிவுசெய்த தொண்டு நிறுவனமாக நீங்கள் இயங்குகிறீர்கள். வரி கட்டுகிற ஒருவர் ஒரு பவுண் தந்தால் கிஃப்ட் எய்ட் மூலம் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. அதற்கு நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும், காசு எங்கே போனது என்று பதிவு வைத்திருக்க வேண்டும், நிர்வாகசபை எப்படி முடிவெடுத்தது என்று கூட்டக் குறிப்பு இருக்க வேண்டும். இதெல்லாம் சரியான கேள்விகள். ஒரு பெண்பிள்ளை தன் வீட்டுக் குசினியைக் காட்டி நன்றி சொல்கிற வீடியோ அந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

எங்களிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. நீள மட்டை, மழைக்கு நனையாமல் பொலித்தீன் உறை போட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கீறி, திகதி, வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, எந்தப் பாடம், யார் படிப்பித்தது, அவரின் கையெழுத்து என்று எழுதிவருகிறோம். பின்பக்கத்திலிருந்து செலவு. வெண்கட்டி, நுளம்புத்திரி, மின்விளக்கு, வினாத்தாள் போட்டோக்கொப்பி. மின்கட்டணம் 2022 ஆவணியில் ஒருமுறையும் 2023 மாசியில் இன்னொருமுறையும் பெரிதாக ஏறியபோது எந்த விளக்கை அணைத்தோம், எத்தனை மணிக்கு வகுப்பை முடித்தோம் என்பதுகூட அதில் இருக்கிறது. பற்றுச்சீட்டுகளைப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறோம். இந்தக் கொப்பியை ஒன்றியத்தில் யாரும் இதுவரை கேட்டதில்லை. கேளுங்கள். மாதாமாதம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறோம். வங்கிக் கணக்கை மூன்று பேரின் கையெழுத்தில் வைத்திருப்போம், அதில் ஒருவர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து வரட்டும். பயனாளிப் பட்டியலைக் கிராம அலுவலர் பார்த்து உறுதிப்படுத்தட்டும். பாடசாலைக்குத் தருவதென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் யாரையும் அனுப்பி எந்த வீட்டிலும் விசாரியுங்கள். அப்படி வருகிறவர் கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் போதும், சனம் மனம்விட்டுக் கதைக்கும்.

அப்புறம் அந்த வளைவு.

எங்கள் மாலை வகுப்பில் படிப்பிக்கிறவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். உயர்தரம் முடித்தவர்கள், பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கிறவர்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பகலில் முன்பள்ளியில் நின்றுவிட்டு, வீட்டுவேலை பார்த்துவிட்டு, பின்னேரம் நாலரைக்கு வந்துவிடுவார்கள். நீங்கள் தரும் கொடுப்பனவு அவர்களுக்குச் சம்பளமாகாது. பஸ் காசு, சைக்கிள் ரியூப், ஒரு மாதத்துக்குக் கைபேசிக்கு டேற்றா, அவ்வளவுதான். ஆனாலும் அது இருப்பதால் வீட்டில் "சும்மா ஏன் போறாய்" என்று கேட்க மாட்டார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ஆசிரியர் நிலைப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து பின்னேரம் திரும்புகிறவர்கள் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். இடையில் விடுபட்ட பாடத்தை இந்தத் தொண்டர் ஆசிரியர்கள்தான் மாலையில் பிடித்துக்கொடுக்கிறார்கள். போன முறை கணிதத்தில் சித்தியடைந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் இந்த வாங்குகளில் இருந்து படித்தவர்கள். இந்த ஆசிரியர்களின் கொடுப்பனவை வெட்டித்தான் பளிங்கில் பெயர் பொறித்த வளைவு வரப்போகிறது.

வளைவு எங்களுக்குத் தேவையில்லை. ஊருக்கு வழி எல்லோருக்கும் தெரியும். உங்கள் பெற்றோரின் பெயர் ஊரில் நிலைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு விளங்குகிறது, அது சின்ன ஆசையுமில்லை. இங்கே காணி இருந்தும் இருக்க முடியாமல் போன சனத்துக்கு ஊரில் ஒரு கல்லாவது தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இருக்கும். அப்படியென்றால் கணித வகுப்பு ஒன்றை உங்கள் அப்பாவின் பெயரில் ஐந்து வருடத்துக்கு நடத்துங்கள். பலகையில் பெயரை நாங்களே எழுதிவைக்கிறோம்.

பக்கத்து ஊரில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று கட்டினார்கள். வேறொரு ஒன்றியத்தின் காசு. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும், பானையின் அடியில் வெள்ளையாகப் படியும், ஆகவே தேவையானதுதான். நாடா வெட்டி, பொன்னாடை போர்த்தி, பனரில் இருபது பேரின் படம் போட்டுத் திறந்தார்கள். வடிகட்டும் சவ்வைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், மோட்டருக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும், ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்கு யாரும் காசு ஒதுக்கவில்லை. சவ்வு அடைத்தது, கட்டணம் நிலுவையானது, இப்போது பூட்டுப் போட்டிருக்கிறது. சனம் பழையபடி போத்தல் தண்ணீர் வாங்குகிறது. பெயர்ப்பலகை மட்டும் இன்னும் புதிதாக இருக்கிறது. திறக்கிற அன்றைக்கு நிறையப்பேர் வந்தார்கள், பூட்டின அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. காட்டக்கூடியதற்கு மட்டும் காசு தந்தால் இப்படித்தான் முடியும்.

படத்தில் வராத தேவை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். 2009இல் செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன அண்ணர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவருக்கு மாதாமாதம் சலம் எடுக்கும் குழாய் வேண்டும், யூரின் பாக் வேண்டும், புண் கட்டும் துணி வேண்டும். சக்கர நாற்காலி கொடுக்கப் பலர் வந்தார்கள், ஒன்றல்ல, வீட்டில் மூன்று நாற்காலி இருக்கிறது. மூன்றையும் கொடுக்கும்போது படம் எடுத்தார்கள். குழாய் கொடுக்க ஒருவரும் வரவில்லை, அதைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க முடியாதே.

அந்த வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முதல் உங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் வந்தாள். அங்கே இயன்மருத்துவம் படித்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பிள்ளை. தமிழ் தட்டித்தடவித்தான் பேசினாள். வந்த முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அண்ணரின் மனைவி எப்படி அவரைத் தூக்குகிறார், எப்படித் திருப்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள், நாரி நோகாமல் ஆளைப் புரட்டுவது எப்படி என்று அவரின் கையைப் பிடித்துச் செய்துகாட்டினாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், குதிக்காலுக்குக் கீழே அழுத்தம் விழாமல் தலையணை வைக்க வேண்டும் என்றாள். அண்ணரிடம் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, பின்பக்கத் தோலைத் தினமும் தானே பார்க்கவும், சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்காமல் இருக்கவும் பழக்கினாள். நாற்காலியில் இருக்கும்போது இடைக்கிடை கையை ஊன்றி உடம்பை எழுப்பச் சொன்னாள். பக்கத்து ஊர்களில் இதே மாதிரி இருக்கிறவர்களின் தாய்மாரையும் மனைவிமாரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி அதையே சொல்லிக்கொடுத்தாள். ஒரு படம் எடுக்கவில்லை. போன பிறகும் மாதம் ஒருமுறை அண்ணருக்கு அழைத்துக் கண்ணாடி பார்க்கிறாரா என்று கேட்கிறாள். அந்த வீட்டில் படுக்கைப்புண்ணுக்காக ஆஸ்பத்திரி போய்க் கிடப்பது குறைந்துவிட்டது. அவள் செய்தது என்ன என்று உங்கள் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே எழுதினேன், பெயர் சொல்ல மாட்டேன்.

உங்கள் கோடை விடுமுறைக்கு வருகிற மற்றப் பிள்ளைகளையும் நாங்கள் விரும்பித்தான் வரவேற்கிறோம். பேரப்பிள்ளைகள் ஊர் பார்க்க வருவது எங்களுக்கும் சந்தோசம். ஆனால் இரண்டு கிழமைக்கு வந்து, நடந்துகொண்டிருக்கிற பாடத்தை நிறுத்தி, ஆங்கிலப் பாட்டுப் படிப்பித்து, எல்லோரோடும் செல்ஃபி எடுத்துவிட்டுப் போகும்போது, எங்கள் தொண்டர் ஆசிரியை ஒரு ஓரத்தில் நிற்கிறாள். பரீட்சைக்கு இருக்கிற பிள்ளை இரண்டு கிழமையை இழக்கிறது. சுவருக்கு நிறம் பூசத் தெரிந்த ஆட்கள் ஊரிலேயே வேலையில்லாமல் இருக்கிறார்கள். வருவதற்கு முன் எங்களோடு ஒருமுறை பேசினால், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், எங்களுக்கு என்ன தேவை என்று பார்த்து ஒழுங்கு செய்யலாம். திரும்பிப் போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸூமில் ஒரு மணித்தியாலம் ஆங்கிலம் பேசிப் பழக்குவதாக ஒரு பிள்ளை ஒத்துக்கொண்டால், அது இங்கே வந்து நிற்கும் இரண்டு கிழமையைவிட எங்களுக்குப் பெரிது.

உதவியைத் திடீரென்று நிறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை அங்கே நிர்வாகம் மாறி, உள்ளே பிரச்சினையாகி, மாதக் காசு சொல்லாமல் நின்றது. உங்களுக்கு அது ஒரு இடைவெளி. இங்கே ஒரு தாய் அந்தக் காசை நம்பிப் பிள்ளையை உயர்தர விஞ்ஞானப் பிரிவில் விட்டிருந்தார், ரியூசன் காசு கட்ட வேண்டும். நுண்கடன் எடுத்தார். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன். கட்டமுடியாத கிழமையில் கடன்காரர் வாசலில் வந்து குந்திக்கொள்வார், இருட்டும்வரை போகமாட்டார். அதைக் கட்ட இன்னொரு கடன். இந்தக் கடனால் எத்தனை பெண்கள் நொந்தார்கள் என்பதால்தான் 2018இல் அரசாங்கமே வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. அந்தத் தாய் அடகு வைத்த தோட்டைத் திருப்ப இன்னும் முடியவில்லை. வீடியோ வரவில்லை என்று ஒரு மாதத்தில் உதவியை நிறுத்துகிற உங்கள் புதிய விதி எத்தனை வீட்டை அந்த வாசலுக்குக் கொண்டுபோகும் என்று யோசித்தீர்களா?

ஆகவே எங்கள் கல்விக்குழுவின் சார்பில் கேட்பவை இவை.

வீடியோ நிபந்தனையை நிர்வாகசபைத் தீர்மானமாக எழுத்தில் விலக்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "பாப்பம்" என்று சொல்வது போதாது. ஏற்கெனவே போட்ட வீடியோக்களில் தாயோ பிள்ளையோ எடுத்துவிடச் சொல்லிக் கேட்பவற்றை உடனே எடுங்கள், உங்கள் பக்கத்திலிருந்து பகிர்ந்தவர்களிடமும் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் நான் மேலே சொன்ன பிள்ளையின் வீடியோ. எது என்று உங்கள் செயலாளருக்குத் தெரியும்.

தொண்டர் ஆசிரியர்களின் கொடுப்பனவை, இப்போது படிக்கிற பிள்ளைகள் அடுத்த சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரையாவது தொடருங்கள். வளைவு வேலையை அதுவரை தள்ளிவையுங்கள். அதற்குப் பிறகும் வளைவு வேண்டும் என்று நினைத்தால் ஊர்க்கூட்டத்தில் வைத்து ஊர்ச் சனத்திடம் கேட்டு முடிவெடுப்போம்.

ஊருக்காக எடுக்கும் முடிவில் ஊரிலிருந்து இரண்டு பேர் வாக்களிக்கும் உரிமையோடு இருக்க வேண்டும். அதில் ஒருவர் மாதர் அபிவிருத்திச் சங்கத்திலிருந்து வர வேண்டும். கூட்டத்தை ஸூமில் வைக்கிறீர்கள், இலங்கை நேரம் இரவு ஒன்றரைக்கு வைத்தால் எங்களால் இருக்க முடியாது. ஞாயிறு உங்கள் பகல் பன்னிரண்டு மணி எங்களுக்குப் பின்னேரம், அது எல்லோருக்கும் சரிவரும்.

எந்த உதவியை நிறுத்துவதென்றாலும் ஒரு முழுத் தவணைக்கு முன் எழுத்தில் அறிவியுங்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவச் சாமான்களுக்கு ஒரு தொகையை மாதச் செலவாக ஒதுக்குங்கள். பட்டியலும் விலையும் ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டு நாங்கள் அனுப்புவோம். தொண்டுக்கு வருகிற பிள்ளைகளின் விபரத்தை வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் தாருங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து, இந்த மாத இறுதியிலிருந்தே சீஆர் கொப்பியின் பக்கங்களும் பற்றுச்சீட்டுகளும் வங்கிக் கணக்குக் கூற்றும் உங்கள் பொருளாளருக்கு வந்துசேரும். பிள்ளைகளின் பெயருக்குப் பதிலாக இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் கிராம அலுவலரிடம் இருக்கும், உங்கள் பிரதிநிதி நேரில் வந்து பார்க்கலாம். வீடியோ மட்டும் எங்களிடமிருந்து வராது. நீங்கள் நிறுத்தினாலும் வராது, இது தாய்மார் எல்லோரும் இருந்து எடுத்த முடிவு.

உங்கள் அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இந்த மடலை முழுவதுமாக வாசித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் அனுப்புங்கள். தவணை தொடங்க முன் அது எங்களுக்குக் கிடைக்க வேண்டும், ஆசிரியைகள் வேறு வேலை தேடிப் போக வேண்டுமா என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லியாக வேண்டும்.

மாலை வகுப்புக் கல்விக்குழுவின் செயலாளர்,
வன்னி